கணக்குப்பிள்ளை நோட்டும் டேட்டாபேஸ் பாடமும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் தங்கையின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறாள். அட்வான்ஸ்டு டேட்டாபேஸ் பாடத்தில் அவளுக்கு இன்டர்னல் தேர்வு. "தாத்தா, இந்த லாக், ரெகவரி, டிஸ்ட்ரிபியூட்டட் டிரான்சாக்ஷன் எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பாத்துக்குது. நாங்க எதுக்கு இதை உக்காந்து படிக்கணும்?" என்று கேட்டாள். பதினெட்டு ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன். அவளுக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. உண்மையான பதில் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஒரு பழைய நோட்டாக இருக்கிறது. அது என் அப்பாவைப் பற்றியது. அதனால்தான் இத்தனை நாளாக வகுப்பில்கூடச் சொன்னதில்லை. உறவினர்களில் சிலருக்கு இதைப் படித்து வருத்தம் வரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

நிலக் கணக்கில் நம் சேலம் சீமைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாக இன்னும் மூன்று ராணுவ அதிகாரிகள்: தாமஸ் மன்றோ, வில்லியம் மக்லியோட், ஜேம்ஸ் கிரகாம். இவர்களில் தெற்குப் பகுதி மக்லியோட் பொறுப்பில் இருந்தது. வயல் வயலாக அளந்து, மண்ணின் தரம் பார்த்து, உழுகிற குடியானவன் பெயரை எழுதி வைத்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. அந்த மன்றோதான் பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் ஆனார். சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

இதைக் கணிப்பொறிக்காரன் கண்ணால் பாருங்கள். ஜமீன் முறையில் பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு பெயர் போதும். ரயத்துவாரியில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் வேண்டும். ஒருவர் இறந்தால், விற்றால், பாகம் பிரித்தால் அந்தப் பெயரை மாற்ற வேண்டும். இது ஒருமுறை எழுதி மூடிவைக்கிற புத்தகம் இல்லை. தினமும் மாறுகிற கணக்கு. அதைக் கையில் வைத்திருந்தவர் ஊர்க் கணக்குப்பிள்ளை. அந்த வேலை அதற்கு முன்பும் இருந்ததுதான். ரயத்துவாரி வந்தபின் அவர் பேனாவுக்குப் பலம் கூடியது.

என் தாத்தா கணக்குப்பிள்ளை. அவருக்குப் பின் அப்பா. ஊர் திருமணிமுத்தாற்றுக்கு மேற்கே. அன்றைக்கு அது சேலம் மாவட்டம், 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டம்.

எங்கள் திண்ணையில்தான் ஊர்ப் பதிவேடுகள் இருக்கும். அ பதிவேடு என்பது புல எண் வரிசையில் ஒவ்வொரு நிலமும் யாருடையது, எவ்வளவு பரப்பு, என்ன தீர்வை என்று சொல்வது. சிட்டா என்பது அதையே ஆள்வாரியாகச் சொல்வது. அடங்கல் அந்தப் பசலியில் எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று சொல்வது. பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும். கோடையில் ஜமாபந்தி வந்தால் அப்பா அத்தனை கட்டையும் துணியில் சுற்றித் தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போவார். நாங்கள் யாரும் அதைத் தொடக்கூடாது.

இவற்றைத் தவிர அப்பாவிடம் ஒரு குறிப்பு நோட்டு உண்டு. அது சர்க்கார் கொடுத்தது இல்லை, அவரே கடையில் வாங்கியது. ஊரில் நடப்பதை முதலில் அதில்தான் எழுதுவார். இன்னார் காலமானார், இன்னார் இன்னாருக்குக் கிரயம் செய்தார், இன்ன தோட்டத்தில் புதுக் கிணறு என்று தேதியோடு ஒவ்வொரு வரி. பிறகு நேரம் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவார். ஏற்றி முடித்ததும் நோட்டில் அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள்.

1980 நவம்பரில் ஒரு அவசரச் சட்டம் வந்தது. தமிழகம் முழுக்க மணியகாரர், கணக்குப்பிள்ளை முதலான பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒரே நாளில் ஒழிந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982இல் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பானது. தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அப்பா பதிவேடுகளை மூட்டை கட்டி ஒப்படைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன்பின் அவர் பேச்சே குறைந்துவிட்டது. அரசு என் அப்பாவுக்கு அநியாயம் செய்துவிட்டது என்றுதான் நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவேடுகள் போயின. குறிப்பு நோட்டுகள் மட்டும் மரப்பெட்டியில் தங்கின. 1994இல் அப்பா காலமானார்.

நான் கணிதம் படித்தவன். ஒரு கல்லூரியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தேன். 1990களில் எல்லாக் கல்லூரியிலும் கம்ப்யூட்டர் பிரிவு வந்தது, நடத்த ஆள் இல்லை. முப்பத்தாறு வயதில் இக்னோவில் எம்.சி.ஏ. சேர்ந்தேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்களோடு உட்கார்ந்து படித்தேன். புரோகிராமிங் எனக்குத் தகராறுதான். ஆனால் டேட்டாபேஸ் பாடத்தைத் திறந்த முதல் நாளே வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை கணினியில் தகவல்களை மரக்கிளை மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து வைத்திருந்தார்கள். கிளை எப்படிப் போகிறது என்று தெரிந்தவர்தான் தகவலை எடுக்க முடியும். காட் சொன்னது எளிமையானது. எல்லாவற்றையும் அட்டவணையாக எழுது, ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுது, எப்படித் தேடுவது என்ற கவலையைக் கணினியிடம் விடு. இதற்காக அவருக்கு 1981இல் டூரிங் விருது கிடைத்தது.

'ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுது' என்ற வரியைப் படித்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது. ஒரு ஆள் பெயர் மாறினால் அவர் அ பதிவேட்டில் மாற்ற வேண்டும், சிட்டாவில் மாற்ற வேண்டும், அடங்கலிலும் மாற்ற வேண்டும். இரண்டில் மாற்றி ஒன்றில் விட்டுவிட்டால்? பாடப்புத்தகத்தில் அதற்கு அப்டேட் அனாமலி என்று பெயர். எங்கள் ஊரில் அதற்கு வரப்புத் தகராறு என்று பெயர்.

பிரைமரி கீ பாடமும் அப்படித்தான். வயலுக்குப் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் உண்டு, குழப்பம் வராது. ஆளுக்கு என்ன எண்? எங்கள் பக்கம் ராமசாமி மகன் பழனிசாமி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா அதற்குக் 'கிணத்துக்காட்டு', 'மேட்டுவளவு' என்று அடைமொழி போட்டுச் சமாளித்தார். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் கொடுத்தபோது, ஆளுக்கும் ஒரு கீ வந்துவிட்டது என்று வகுப்பில் சொன்னது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

1997 செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த நம் பகுதிக் கல்லூரிகள் இதற்கு மாறின. அந்த ஆண்டுதான் நான் முதன்முதலாக டேட்டாபேஸ் வகுப்பு எடுத்தேன். லேபில் ஆரக்கிள் திறந்தால் யூசர்நேம் ஸ்காட், பாஸ்வேர்டு டைகர் என்று நீங்கள் எல்லோரும் அடித்தது மறக்குமா? புரூஸ் ஸ்காட் என்பவர் ஆரக்கிள் நிறுவனத்தின் ஆரம்பகால ஊழியர், டைகர் அவர் வீட்டுப் பூனை. உள்ளே போனால் ஸ்மித், ஆலன், வார்டு என்று வெள்ளைக்காரர்களின் சம்பளப் பட்டியல். 'நமக்கும் ஸ்மித்துக்கும் என்னய்யா சம்பந்தம்' என்று அதை விட்டுவிட்டு லாரி, டிரைவர், லோடு என்று மூன்று அட்டவணை போடச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் லாரித் தொழில். அன்றைக்கு எல்லோருக்கும் நார்மலைசேஷன் புரிந்தது.

மேல்வகுப்புப் பாடத்தில் எனக்குப் பிடித்தது ரெகவரி. இதில் நம் பெருமை ஒன்று உண்டு. உலகம் முழுக்க டேட்டாபேஸ் படிப்பவர்கள் கையில் இருக்கும் இரண்டு பெரிய பாடப்புத்தகங்களில் ஒன்றின் ஆசிரியர்களில் ஒருவர் எஸ். சுதர்சன், இன்னொன்றில் ரகு ராமகிருஷ்ணன். இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்தவர்கள். அவர்களுக்கு முன்னால் அதே ஐ.ஐ.டி.யில் 1977இல் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர் சி. மோகன். அங்கே 1973இல் வந்திருந்த ஐ.பி.எம். 370 கணினிதான் அவரை இந்தப் பக்கம் இழுத்தது. பின்னாளில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, 1992இல் சக ஆய்வாளர்களோடு 'ஏரீஸ்' என்ற ரெகவரி முறையை வெளியிட்டார். இன்றைக்குப் பல பெரிய டேட்டாபேஸ்களுக்குள் ஏதோ ஒரு வடிவில் அந்த முறை ஓடுகிறது.

படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். நீங்கள் வங்கியில் பணம் அனுப்பும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. உங்கள் கணக்கில் கழித்தாயிற்று, அந்தப் பக்கம் சேர்க்கவில்லை. என்ன செய்வது? இதற்காக ஒரு கண்டிப்பான விதி உண்டு. டேட்டாவில் மாற்றுவதற்கு முன் 'இதை இப்படி மாற்றப்போகிறேன்' என்று லாக் என்ற குறிப்பில் எழுதிவிட வேண்டும். கரண்ட் வந்ததும் கணினி அந்தக் குறிப்பைப் படிக்கும். கரண்ட் போவதற்கு முன் நடந்ததையெல்லாம் குறிப்பின்படி மறுபடி நடத்திப் பார்க்கும். ஏரீஸ் கட்டுரை இதை 'வரலாற்றைத் திரும்ப நடத்துதல்' என்றே சொல்கிறது. அதன்பின் முடிந்த வேலைகளை வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற வேலைகளை மட்டும் திருப்பி அழித்துவிடும். அட்டவணை இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எப்படி வந்தது என்பதை லாக்தான் சொல்லும்.

இதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதினேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு லாக் இருக்கிறது என்பது மட்டும் 2006 வரை எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஆண்டு எம்.சி.ஏ. இறுதியாண்டு மாணவன் ஒருவன் மாலையில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். கையில் கணினியில் எடுத்த சிட்டா நகல்.

"சார், உங்க அப்பாதானுங்களே எங்க ஊர்ல கணக்குப்பிள்ளையா இருந்தாரு?"

"ஆமாப்பா. ஏன்?"

"எங்க பாட்டி பேரு எங்கயுமே இல்லீங்க சார்."

அவன் சொன்ன கதை இதுதான். அண்ணன் தம்பி இருவருக்குக் கூட்டாக இரண்டரை ஏக்கர் தோட்டம். தம்பி 1972 கோடையில் பாம்பு கடித்து இறந்துபோனார். அவர் மனைவிதான் இவனுடைய பாட்டி. அப்போது அவருக்கு ஒரு பிள்ளை. 'ஒரே குடும்பம்தானே, அப்புறம் பாத்துக்கலாம்' என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். கொஞ்ச வருடம் விளைச்சலில் பங்கு வந்தது. பிறகு நின்றுவிட்டது. பாட்டி ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவும் வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தார். இப்போது நால்வழிச் சாலை வேலையால் சுற்றுவட்டாரத்தில் நில விலை ஏறியிருந்தது. பெரியவரின் வாரிசுகள் தோட்டத்தை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். சிட்டாவில் பெரியவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

பெயர் எப்படிப் போயிற்று என்பது எனக்கு உடனே புரிந்தது. 1979 முதல் 1987 வரை நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது. யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊர் ஊராக வந்து பழைய பதிவேடுகளைப் பார்த்து, விசாரித்து, புதுப் பட்டா கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பழைய சிட்டாவில் இல்லாத பெயருக்கு ஆள் நேரில் நின்று கேட்டால்தான் உண்டு. பாட்டி அப்போது ஊரில் இல்லை. யு.டி.ஆர். பதிவேட்டில் இருந்தது பிறகு அப்படியே கணினியில் ஏறியது. தமிழ்நிலம் என்ற மென்பொருளுக்கு அந்தப் பாட்டியைத் தெரியாது. கொடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்டபோது சுத்தமான எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தது. கையெழுத்துப் பிழையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கணினி அச்சுக்கு அந்தச் சந்தேகம்கூட வருவதில்லை.

அப்படியென்றால் பிழை தொடங்கிய இடம் எங்கள் வீட்டுத் திண்ணை.

அன்று இரவு பெட்டியைத் திறந்தேன். 1972ஆம் ஆண்டு நோட்டு கிடைத்தது. மே மாதப் பக்கத்தில் அப்பாவின் குண்டு எழுத்து. இளையவர் காலம், மனைவி பெயர், மகன் ஒருவன், புல எண், 'வாரிசு சேர்க்க' என்று ஒரே வரியில் எல்லாம் இருந்தது. அந்தப் பக்கத்தில் மற்ற வரிகளுக்கெல்லாம் சிவப்புக் கோடு இருந்தது. இந்த வரிக்கு மட்டும் இல்லை. இரண்டு பக்கம் தள்ளி, 'மூத்தவர் வந்தார். பொறுக்கச் சொன்னார்' என்று ஒரு குறிப்பு. அதே பக்கத்தில் கீழே அவர் வீட்டிலிருந்து நிலக்கடலை ஒரு மூட்டை வந்ததாகவும் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்தும் அப்படி வருவதுதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் சொல்ல முடியாது. தொடர்பே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நாலு நாள் அந்த நோட்டை யாருக்கும் காட்டவில்லை. அண்ணனிடம் சொன்னேன். "செத்தவர் பேரைக் கெடுக்கணுமா? அவர் இருந்தா பதில் சொல்லுவாரு. இல்லாத ஆளைக் கூண்டுல நிறுத்தாதே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வகுப்பில் போய் நின்றால் அன்றைக்கும் ரெகவரி பாடம். 'லாக்கை ஏன் அழிக்கக்கூடாது?' என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு எனக்கே தொண்டை அடைத்தது. அன்று மாலை மாணவனைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தேன்.

நோட்டு ஒன்றே போதாது. அது சட்டப்படி ஒரு கணக்குப்பிள்ளையின் சொந்தக் குறிப்பு, அவ்வளவுதான். பட்டாவே முழு உரிமைப் பத்திரம் ஆகாது என்று வக்கீல் சொன்னார். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அந்த வரி காட்டிக்கொடுத்தது. இறந்த தேதி தெரிந்ததால் இறப்புப் பதிவு கிடைத்தது. புல எண் தெரிந்ததால் பழைய அ பதிவேட்டு நகல் கிடைத்தது. அதில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் இருந்தது. வாரிசுச் சான்று வாங்கினார்கள். விற்பனை நின்றது. மனு மாவட்ட வருவாய் அலுவலர் வரை போனது. விசாரணைக்கு நான் போய், 'இது என் தந்தையார் கையெழுத்து. இந்தப் பெயரை அவர் பதிவேட்டில் ஏற்றவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன்.

2009இல் உத்தரவு வந்தது. பெரியவர் வாரிசுகளோடு பாட்டி பெயரும் சேர்ந்து கூட்டுப் பட்டா. மாணவன் இனிப்போடு வந்தான். பாட்டியைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வார்த்தை வரவில்லை. அவரே சொன்னார்: "உங்கப்பா நல்ல மனுசன்தானுங்க. ஊட்டுக்குப் போனா உக்காரச் சொல்லுவாரு. எழுதாமத்தான் உட்டுப்போட்டாரு."

இதைவிடச் சரியாக என் அப்பாவைப் பற்றி யாரும் சொன்னதில்லை. 1980இல் அவர் வேலை போனது அநியாயம் என்ற என் எண்ணமும் அன்றைக்குத்தான் மாறியது. அவர் கெட்டவர் என்பதால் இல்லை. ஒரு ஊரின் கணக்கு முழுதும் ஒரே மனிதரின் கையில், அவர் தாட்சண்யத்தில் இருக்கக்கூடாது என்பதால்.

இப்போது என் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன்.

அவள் பாடத்தில் டூ ஃபேஸ் கமிட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு இடங்களில் இருக்கும் டேட்டாபேஸ்கள் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்றால், முதலில் இரண்டிடமும் 'தயாரா?' என்று கேட்க வேண்டும். இரண்டும் சரி என்றால்தான் செய்ய வேண்டும். நம் நிச்சயதார்த்தம் மாதிரி. ஒரு வீட்டார் மட்டும் தட்டு மாற்ற முடியாது. கிரயம் பதிவாவது ஒரு துறை, பட்டா மாறுவது வேறு துறை. ஒன்றில் நடந்தது இன்னொன்றுக்குத் தெரியாமல்தான் நம் மக்கள் இத்தனை காலம் அலைந்தார்கள். 2018இல் பதிவுத்துறையில் ஸ்டார் 2.0 வந்தபின், உட்பிரிவு செய்யத் தேவையில்லாத கிரயங்களில் பட்டாவும் தானாக மாறும் ஏற்பாடு வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் பிரச்சினை அவள் சலிப்போடு படிக்கும் அதே பிரச்சினைதான்.

அவள் பாடத்தில் நோ எஸ்.க்யூ.எல். என்ற பகுதியும் உண்டு. 2007இல் அமேசான் நிறுவனத்தார் டைனமோ என்ற தங்கள் டேட்டாபேஸ் பற்றி எழுதினார்கள். பல இடங்களில் நகல் இருக்கும், எல்லா நகலும் உடனே ஒத்துப்போகாது, ஆனால் இறுதியில் ஒத்துப்போகும். கடைக்கூடைக்கு அது போதும். இந்தப் பதிவுக்கு எத்தனை லைக் என்று உங்கள் போனில் ஒரு எண்ணும் என் போனில் ஒரு எண்ணும் காட்டினால் குடி முழுகாது. பட்டாவுக்கு அது ஆகாது. எங்கள் ஊரில் அந்த 'இறுதியில்' வர 37 ஆண்டு ஆயிற்று. எதற்கு எது போதும் என்று முடிவு செய்வது மென்பொருள் இல்லை, அதைக் கட்டும் ஆள். அதற்குத்தான் கண்ணு படிக்கணும்.

இன்னொன்றும் சொன்னேன். பாதியில் நின்ற வேலையைக் கணினி அழித்துவிட்டு நிம்மதியாகிவிடும். அதற்கு அது சரி. மனிதருக்கு அந்த விதி ஆகாது. பாதியில் நின்றதை யாராவது எடுத்து முடிக்க வேண்டும்.

சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் டேட்டாபேஸ் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இடம் போதவில்லை என்று பழைய பதிவுகளை அழிக்கச் சொல்லி யாராவது உத்தரவு போட்டால், ஒருமுறை நின்று யோசியுங்கள். பழைய மதிப்பையும் தேதியோடு வைத்துக்கொள்ள எஸ்.க்யூ.எல். தரத்திலேயே 2011 முதல் வழி இருக்கிறது. ஊரில் இருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பட்டாவை இன்றே எடுத்துப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் பெயர் இருக்கிறதா, எழுத்து சரியா என்று பாருங்கள். பழைய நோட்டுகளைப் பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள்.

பேச்சு முடிந்ததும் பேத்திக்கு அந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். வழக்கு முடிந்ததும் மாணவன் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருந்தான். மே மாதப் பக்கத்தை அவள் உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, இந்த வரிக்குக் கோடு இல்லைன்னு சொன்னீங்க. இருக்குதே?"

"2009ல நான் போட்டது கண்ணு."

"லாக்கை மாத்தக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க!"

"ஓரத்துல பாரு" என்றேன். கோட்டுக்குப் பக்கத்தில் உத்தரவு வந்த தேதியும் என் கையெழுத்தும் இருந்தன. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு, தன் புத்தகத்தில் ரெகவரி பாடத்தைத் திறந்தாள்.

தேர்வு நாளை மறுநாள். உங்கள் தங்கைக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்லுங்கள்.

வாழ்க வளமுடன்.
உங்கள் பழைய வாத்தியார்